கூடையில் வந்த அம்மா

மழை பொய்த்துக் கிணறுகள் உப்பாகி மூன்று வருடம். எல்லோரையும் ஏற்றிப்போக வெள்ளைக்காரர்களின் கப்பல் வந்துவிட்டது. மாலைக்குள் அந்தப் பவளத்தீவில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். தெரேதியா மகளைப் புதைத்த குழியைத் தோண்டிக்கொண்டிருந்தாள்.

ஊர் மாறும்போது இறந்தவர்களின் மண்டையோட்டைக் கழுவி, எண்ணெய் பூசி, கூடவே கொண்டுபோவது அவர்கள் வழக்கம். இருபத்தைந்து வருடம் முன்பு கில்பெர்ட் தீவுகளிலிருந்து இங்கே குடியேறியபோது அவளுடைய அம்மாவையும் அப்படித்தான் கூடையில் கொண்டுவந்தார்கள்.

“எட்டு மாசந்தான் ஆச்சு. மண்ணு இன்னும் வேலைய முடிச்சிருக்காதுக்கா,” என்றான் தம்பி பரனிகோ.

இடுப்பளவு ஆழத்தில் பாய் தென்பட்டது. விலக்கினாள். கூந்தல் அப்படியே இருந்தது. சுற்றிலும் உப்புத் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கப்பல் ஊதியது.

“வாக்கா. வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போயிட்டா நண்டுங்களுக்கு நாமதான் விருந்து.”

அவள் கப்பலுக்குக் கொண்டுபோக எடுத்துவந்திருந்த கூடையைத் திறந்து, அம்மாவின் மண்டையோட்டை எடுத்து மகளின் தலைமாட்டில் வைத்தாள்.

“அவ எனக்கும் அம்மாதான்,” என்றான் பரனிகோ.

“தெரியும்டா. பாப்பா இங்க தனியா கெடப்பாளே.”

பரனிகோ மண்டியிட்டு, இரண்டு கையாலும் குழிக்குள் மண்ணைத் தள்ள ஆரம்பித்தான்.