கண்ணாடிக்குள் ஒரு பக்கம்

காத்தமுத்து கந்தோருக்கு வந்தபோது நாகேஸ்வரி அன்றைய கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர், அறுபதைத் தாண்டியவர். வேலை நாளில் அந்த நேரத்துக்கு டவுன் பக்கம் வரமாட்டார். மழை நின்றும் குடையை மடக்காமல் வாசலில் நின்றபடியே, விடியற்காலையில் தன் மனைவி சின்னம்மா போய்விட்டாள் என்றார். நாலு மணிக்கு எடுக்கிறார்களாம். அந்தப் பாட்டுப் புத்தகத்தை இன்றைக்கு ஒரு நாள் மட்டும் தரமுடியுமா என்று கேட்டார்.

நாகேஸ்வரி கையிலிருந்த கடிதத்தைக் கீழே வைத்தாள். அந்தப் புத்தகத்தை அங்கே கொண்டுவந்து வைத்தவளே அவள்தான்.

மூன்று வருடங்களுக்கு முன், 2003இல், சண்டை ஓய்ந்திருந்த காலம். ருவான்வெல்லைக்கு அப்பால் இருந்த அந்த அரசாங்கக் கந்தோரின் முன்மண்டபத்தில், பிரதேசத்தின் சரித்திரத்தைக் காட்டவென்று ஒரு கண்ணாடி அலுமாரி வைத்தார்கள். வெள்ளைக்காரர் காலத்துக் காணி உறுதிகள், ஒரு பழைய வரைபடம், நடுவில் விகாரையிலிருந்து வந்த, 'பண' என்கிற புத்த போதனை எழுதிய ஓலைச் சுவடி. மொழிபெயர்ப்பு வேலை பார்த்த நாகேஸ்வரி நாள்தோறும் அதைக் கடந்துதான் தன் மேசைக்குப் போவாள். ஒருநாள் மேலதிகாரியான பெரிய ஐயாவிடம், தமிழ்ச் சனமும் இங்கே நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிறதே என்றாள். அவர் நியாயமான மனிதர். உங்கள் பக்கத்தில் ஏதாவது இருந்தால் கொண்டுவாருங்கள், வைப்போம் என்றார்.

அவளுடைய பக்கம் யாழ்ப்பாணம். அப்பாவின் புத்தகங்களெல்லாம் தொண்ணூற்றைந்துச் சண்டையில் வீட்டோடு போய்விட்டன. அதனால் அவள் தோட்டத்துக்குப் போனாள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் சின்னம்மா எடுத்துக் காட்டியது ஒரு பழைய செக்ரோல் புத்தகம், தோட்டத்து வருகைப் பதிவேடு. ஒவ்வொரு தாளிலும் ஒரு பக்கம் வேலையாட்களின் பெயர்கள் ஆங்கிலத்தில் இருந்தன. வெறுமையாய்க் கிடந்த மறுபக்கத்தில், சின்னம்மாவின் தகப்பன் அழகமுத்து, சாமி பாட்டுகளைத் தமிழில் எழுதி வைத்திருந்தார். தோட்ட ஆபீசில் வீசப்போனதை அவர் கேட்டு வாங்கி வந்தாராம். கோயில் திருவிழாவுக்கும் அதுதான், சாவு வீட்டுக்கும் அதுதான்.

"கவுருமெண்டு கட்டடத்துல நம்ம சாமி பாட்டா?" என்று சின்னம்மா இரண்டு தரம் கேட்டாள். பிறகு அவளே மஞ்சள் துணியில் சுற்றிக் கொடுத்தாள். அலுமாரியில் வைத்த அன்று லயத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி வந்திருந்தார்கள். சின்னம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியைக் கும்பிட்டாள். சுவடிக்குப் பூ வைக்க வந்திருந்த சிங்களப் பெண்ணொருத்தி ஒதுங்கி இடம் விட்டாள். பெயர்களும் பாட்டும் ஒருசேரத் தெரியும்படி புத்தகத்தை விரித்து வைத்தது நாகேஸ்வரி. செத்தவர்களை வழியனுப்பும் பாட்டு அந்தப் பக்கத்தில்தான் தொடங்கியது.

பிறகு பெரிய ஐயா மாறிப் போனார். சண்டை மறுபடியும் வந்தது. அலுமாரியில் இருந்ததெல்லாம் அரசாங்கச் சொத்தாகப் பதிவாயிற்று. அலுமாரியைப் பூட்டித் திறப்பைக் கேகாலைத் தலைமைக் கந்தோருக்குக் கொண்டுபோனார்கள்.

நாகேஸ்வரி கேகாலைக்கு டெலிபோன் எடுத்தாள். பொறுப்பானவர் லீவில் இருந்தார். எழுத்தில் கேட்டால் அனுமதி வரும் என்றார் பேசியவர். புதிய அதிகாரியும் ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல் அதையே சொன்னார். அவள் அலுமாரியின் முன்னால் வந்து நின்றாள். கண்ணாடி மெல்லியதுதான். வாசலில் பொலிஸ்காரர் உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருத்தி அரசாங்க அலுமாரியை உடைத்தாள் என்றால் அதற்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"என்னாலை திறக்க ஏலாது, ஐயா," என்றாள்.

காத்தமுத்து கோபப்படவில்லை. கண்ணாடிக்குள்ளே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தெரியிற பக்கத்தையாவது எழுதித் தாங்க மிஸ். எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. மக படிப்பா."

நாகேஸ்வரி தரையில் முழங்காலிட்டு எழுதினாள். பதினாறு வரிகள். கடைசி வரி பாதியில் நின்று அடுத்த பக்கத்துக்குப் போனது. எழுதிய தாளை நீட்டியபோது, தானும் வருவதாகச் சொல்லி, அரைநாள் லீவு போட்டுவிட்டு அவருடன் பஸ் ஏறினாள்.

மகள் சுகந்தினி கொழும்பில் கார்மெண்ட் வேலையிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தாள். தோட்டத்தில் எந்தச் சாவு என்றாலும் பாட்டை எடுத்துக் கொடுப்பது சின்னம்மாதான், மற்றவர்கள் பின்பாட்டுக்காரர்கள். சுகந்தினி தாயின் தலைமாட்டில் நின்று தாளைப் பார்த்துப் பாடினாள். முதலில் குரல் வரவில்லை, பிறகு வந்தது. பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். பதினாறாவது வரியின் பாதியில் அவள் நின்றாள். தாளைத் திருப்பிப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. கூட இருந்தவர்களின் உதடுகள் அசைந்தன, சொல் வரவில்லை. சுகந்தினி நாகேஸ்வரியைப் பார்த்தாள். நாகேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். யாரோ கை காட்ட, தப்படிக்கிறவர்கள் அடிக்கத் தொடங்கினார்கள். அப்படியே தூக்கினார்கள்.

நாகேஸ்வரி எழுதிக் கேட்டதற்கு அனுமதிக் கடிதம் இருபத்திரண்டாம் நாள் வந்தது. ஒருநாள் இரவல். அலுமாரியைத் திறந்ததும் பூஞ்சண வாசம் முகத்தில் அடித்தது. விரித்திருந்த பக்கத்தைத் தவிர மற்ற தாள்களெல்லாம் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன.

லயத்தில் அவளிடமிருந்து புத்தகத்தை வாங்கிய காத்தமுத்து அதைத் தடவிப் பார்த்தார். "அடுப்புக்கு மேல பரண்ல வச்சிருந்தோம் மிஸ். பொகை பட்டா ஈரமும் வராது, பூச்சியும் வராது. அன்னைக்கே ஒங்ககிட்ட சொல்லியிருக்கணும். எனக்குத் தோணல."

அவர் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டது நாகேஸ்வரியால் தாங்கமுடியாததாக இருந்தது. பிழை என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தாள், அழுகைதான் வந்தது.

சுகந்தினி தண்ணீர் கொதிக்க வைத்தாள். ஆவியில் பிடித்து, ஈர்க்குக் குச்சியால் இருவரும் தாள் தாளாய்ப் பிரிக்கப் பார்த்தார்கள். அடுத்த பக்கத்தில் ஆறேழு சொற்கள் தேறின. மற்றதெல்லாம் எதிர்ப்பக்கத்துப் பெயர்களோடு ஒட்டிக் கிழிந்து வந்தது. "போதும், விட்டுருங்க," என்றார் காத்தமுத்து.

நாகேஸ்வரி புத்தகத்தை அவர்களிடமே விட்டாள், கந்தோருக்குத் திருப்பிக் கொண்டுபோகவில்லை. மறுநாள் பதிவேட்டில், பழுதடைந்தது, பாவனைக்கு உதவாது என்று எழுதிக் கையெழுத்து வைத்தாள். யாரும் ஏனென்று கேட்கவில்லை. அடுத்த மாதம் அலுமாரியில் அந்த இடத்தில் ஒரு பாலத்தின் படத்தை வைத்தார்கள்.