சுவத்துல தொங்குன ரிவால்வர்

மிலுஷா சுவத்துல தொங்குன ரிவால்வரை எடுத்து மடியில வச்சுக்கிட்டா. செத்துப்போன புருஷனோட பாட்டன் காலத்துது. சின்னக் கோடாலி கனம் கனத்துச்சு.

உள் ரூம்ல மக தாரிங்கா, உதடு கிழிஞ்சு, ஒரு கண்ணு வீங்கி மூடி, கட்டில்ல சுருண்டு கிடந்தா. நேத்து மலைப்பாதையில நடந்தே ஓடி வந்தவ. காலைல அவ புருஷன் வுக்சான் போன் பண்ணிட்டான். மதியத்துக்குள்ள வந்து கூட்டிக்கிட்டுப் போவேன், குறுக்க யார் நின்னாலும் சுடுவேன்னு. போலீஸ்ல கேட்டா, கீழ் ரோட்டைப் பனி மூடிருச்சு, பனி தள்ளுற வண்டி வந்தாத்தான் நாங்க வர முடியும்னாங்க. வுக்சானுக்கு ரோடு எதுக்கு? அவனும் மலைப்பாதையில வந்துருவான்.

பக்கத்து வீட்டு ராதோயேவைக் கூப்பிட்டா. வேட்டைக்காரன், துப்பாக்கி தெரிஞ்சவன். குண்டு போடுற உருளையை அசைச்சுப் பாத்தான், லொடலொடன்னு ஆடுச்சு. குண்டெல்லாம் பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்துச்சு.

"இதை வச்சு என்ன பண்ணப் போற, மிலுஷா?"

"சுடப் போறேன்."

"பாதி வெடிக்காது. வெடிச்சா உன் கைதான் போகும். உன் கையில இதைப் பாத்தாலே அவன் முந்திக்குவான். உனக்குக் காவல் இல்ல இது. அவனுக்குச் சாக்கு."

அப்ப உன் துப்பாக்கியைக் கொண்டு வான்னு மிலுஷா சொன்னா. ராதோயே தலையைத் தொங்கப்போட்டான். கல்யாணத்துல வுக்சானுக்குச் சாட்சியா நின்னவன் அவன்தான். அப்படி நிக்கிறவனை அங்க கூம்னு சொல்றது. கூடப்பிறந்தவனைக்கூட அடிச்சுக்கலாம், கூம் மேல ஆயுதம் தூக்குனவனை அந்த மலையில எவனும் வீட்டுக்குள்ள விடமாட்டான். இப்ப மகளை அனுப்பி வை, நான் அவன்கிட்டப் பேசுறேன்னு முனகினான்.

"போன வருஷமும் பேசுனியே. அவளுக்கு ரெண்டு பல்லு போச்சு. அடுத்து பொணம் வரும். அதுக்கும் சாட்சி நிப்பியா?"

அவன் தொப்பியை எடுத்துக்கிட்டு எந்திரிச்சான். கதவுகிட்டப் போனவனை மிலுஷா சட்டையோட பிடிச்சா.

"அவன் மேல நீ கை வைக்கக் கூடாதுன்னா, உன் மேல அவனும் வைக்கக் கூடாதுல்ல? ஆயுதம் வேணாம். வாசப்படியில உட்காரு."

"குடிச்சிருந்தா அவனுக்குக் கூமும் தெரியாது, கடவுளும் தெரியாது."

"தெரியாமப் போகலாம். என்கிட்ட வேற என்ன இருக்கு, ராதோயே?"

ராதோயே தொப்பியைத் தலையில மாட்டினான். அப்புறம் வெளிய போய் படியில உட்கார்ந்தான். மக கைக்கு எட்டக் கூடாதுன்னு மிலுஷா ரிவால்வரை மாவுத் தொட்டிக்குள்ள புதைச்சா.

வுக்சான் வந்தான், தோள்ல ரைஃபிளோட. மிலுஷா ஜன்னல் ஓரமா நின்னு பாத்தா.

"கூம், எந்திரி."

"முடியாது."

"தாண்டிப் போவேன்."

"என்னை மிதிச்சுக்கிட்டுப் போ."

வுக்சான் ரைஃபிளை இறக்கி அவன் நெஞ்சுக்கு நேரா நீட்டினான். ராதோயே கையை முழங்கால் மேலயே வச்சிருந்தான். குழல் ஆடுச்சு, தாழ்ந்துச்சு. வுக்சான் கெட்ட வார்த்தையில திட்டிக்கிட்டே எதிர்த்தாப்புல விறகுக் குவியல் மேல உட்கார்ந்து சிகரெட்டைப் பத்த வச்சான். போகல.

பனி கொட்ட ஆரம்பிச்சுது. பனி தள்ளுற வண்டிச் சத்தம் இன்னும் கேக்கல. மிலுஷா கதவைக் கையளவு திறந்து ராதோயே மேல கம்பளியைப் போட்டா.   தாழ்ப்பாளைப் போட்டுட்டு கதவுல முதுகைக் கொடுத்து உட்கார்ந்தா.

"போய்ட்டானாம்மா?" உள்ள இருந்து தாரிங்கா கேட்டா.

"இல்ல. உட்கார்ந்திருக்கான்."