பதினான்கு மயில்கழுத்துப் பைகள்

துணியை வீணாக்குகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. இலுப்பூரில் எங்கள் தெருவில் யாராவது பழைய சேலையைக் குப்பையில் போட்டால், கூச்சமே படாமல் எடுத்துவந்து அலசிக் காயப்போட்டுவிடுவேன். கிழியாத பாகத்தில் பை, நைந்த பாகத்தில் கால்மிதி, மிச்சத்தில் அடுப்படிக் கரித்துணி. 'மீனம்மா கண்ணுல பட்டா கொடியில காயுற சேலையும் பையாயிரும்' என்று தெருவில் கேலி பேசுவார்கள். பேசட்டும். இந்தப் புத்தியைத்தான் என் மகள் கார்த்திகாவுக்கும் ஊட்டி வளர்த்தேன்.

அவளுக்கு ஏழாம் மாதம். வெள்ளிக்கிழமை காலை வல்லத்திராக்கோட்டையில், மாமியார் வீட்டிலேயே வளைகாப்பு என்று முடிவானது. புதன்கிழமை போன் பண்ணினாள்.

"அம்மா, தாம்பூலத்துக்குப் பிளாஸ்டிக் கவர் வேணாம். நீயே துணிப்பை தைச்சுரு. வர்றவங்க அப்பறம் கடைக்குக் கொண்டு போவாங்கல்ல. இங்க பரண்ல பழைய சேலை மூட்டை ஒண்ணு கெடந்துச்சு. அவருகிட்ட கொடுத்து விடுறேன்."

"வயித்துப் பிள்ளையோட பரண்ல ஏறுனியாடி?"

"ஸ்டூல் போட்டுத்தாம்மா. கத்தாத."

"ஒங்க அத்தைகிட்டக் கேட்டியா?"

"கேட்டா தருவாங்களா? எச்சிக் கையால காக்கா ஓட்டாதவங்க. பையப் பாத்து அசந்து போகட்டும்."

நானும் சேர்ந்து சிரித்தேன். சம்பந்தியம்மாள் சந்தனத்தின் கஞ்சத்தனம் ஊரறிந்தது. கிழிந்த தலையணை உறையைக்கூட மடித்து வைக்கிறவள்.

சாயங்காலம் மாப்பிள்ளை அரவிந்த்குமாரே மூட்டையை வண்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். சாக்குப் பையின் வாய் சணலால் இறுகக் கட்டியிருந்தது. உள்ளே என்ன என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. காப்பி குடித்தார், "அத்தை ஒடம்பப் பாத்துக்கங்க" என்றார், போனார். தங்கமான பிள்ளை என்று அன்றைக்கும் நினைத்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அரவிந்த்குமாருக்கு என் மகள் இரண்டாம் தாரம். முதல் தாரம் இலக்கியா, என் அக்கா முத்துமாரியம்மாளின் ஒரே மகள். அவளுக்கும் அதே வீட்டில் ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்தது. வளைகாப்பு முடிந்ததும் பிள்ளைத்தாய்ச்சியைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவதுதான் எங்கள் முறை. ஆனால் சந்தனம், ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது, இங்கேயே இருக்கட்டும் என்று நிறுத்திக்கொண்டாள். மூன்றாவது வாரம் இலக்கியா அடுப்படியில் எரிந்து செத்தாள்.

உடம்பை முழுக்கச் சுற்றித்தான் கொடுத்தார்கள். முகம்கூட எங்களுக்குக் காட்டவில்லை. அரவிந்த்குமார் என் தோளில் சாய்ந்து அழுதுகொண்டே சொன்னதைத்தான் நாங்கள் எல்லாரும் நம்பினோம். "வளைகாப்புச் சேலையத்தான் கட்டியிருந்தா சித்தி. பாலியஸ்டர்ல, கேஸ் அடுப்புல பட்டதும் பக்குனு புடிச்சிருச்சு. சேலை அப்படியே ஒடம்போட ஒட்டிப் போச்சு." போலீஸ் ஸ்டேஷனிலும் அதையேதான் எழுதிக் கொடுத்தார்.

ஒரு வருடம் கழித்து அந்த வீட்டிலிருந்தே என் மகளைப் பெண் கேட்டு வந்தார்கள். சொந்த வீடு, போர்வெல் போட்ட நிலம், அழுததை நானே பார்த்த மாப்பிள்ளை. என் வீட்டுக்காரர் குவைத்தில் வண்டி ஓட்டுகிறார். நான்தான் முடிவு பண்ணினேன். அக்கா குளத்தூரிலிருந்து ஓடி வந்து என் வாசலில் நின்று கத்தினாள். "எம் மக செத்த வீட்டுக்கு ஒம் மகளத் தாரியேடி, நீயெல்லாம் ஒரு ஆத்தாளா?" என்றாள். நான் சொன்ன பதில் நாக்கு அழுகிப் போகிற பதில். "ஒம் மக அடுப்புக்கிட்ட சூதானமா இல்லாததுக்கு அவுங்க என்ன பண்ணுவாங்க?" என்றேன். அன்றோடு அக்கா பேச்சை நிறுத்தினாள்.

வியாழக்கிழமை காலை மூட்டையைப் பிரித்தேன். ஏழெட்டுச் சேலைகள், இரண்டு பழைய வேட்டிகள். எல்லாவற்றுக்கும் கீழே, செய்தித்தாளில் சுற்றி, மயில்கழுத்து நிறத்தில் ஒன்று. பாலியஸ்டர்தான், ஆனால் பட்டு போலப் பளபளப்பு. 'இலக்கியா வளைகாப்புச் சேலையும் இதே நிறந்தான்' என்று மனசு ஒரு நிமிஷம் சுருங்கியது. அவ்வளவுதான். அது எரிந்து போன சேலை. இந்த நிறத்தில் ஊரில் ஆயிரம் இருக்கும்.

அளவு குறித்து வெட்ட ஆரம்பித்தேன். வெளிப்பக்கத்துக்குச் சேலை, உள்ளே வேட்டித் துணி, காதுக்குச் சேலைக் கரையையே நாலு மடிப்பு மடித்து. அடி மூலைகளைக் குறுக்கே தைத்துவிட்டால் பை தானாக நிற்கும், தேங்காய் போட்டாலும் சாயாது. முந்தானைப் பக்கமிருந்து வெட்டிக்கொண்டே வந்தேன். பதிமூன்று துண்டு ஆயிற்று. கரையோரம் உள்பக்கம் தைத்திருந்த ஃபால்ஸ் பட்டையை முன் துண்டுகளில் தையலைக் கவனிக்காமலே பிரித்துப் போட்டிருந்தேன். மிஞ்சிய பதினான்காவது துண்டையும் திருப்பிப் போட்டேன். பிரிக்கலாம் என்று கத்தரியை வைத்தேன்.

ஒரு சாண் நீளத்துக்கு அரக்கு நூல்.

நீல நூலில் வந்துகொண்டிருந்த கைத்தையல், நடுவே ஒரு சாண் மட்டும் அரக்கு. மறுபடி நீலம்.

ஆத்தாடி! அந்தத் தையல் என் தையல். வளைகாப்புக்கு முதல் நாள் இலக்கியா சேலைக்கு ஃபால்ஸ் தைத்தவள் நான். நீல நூல் தீர்ந்து போய், கடைக்குப் போகச் சோம்பல்பட்டுக் கைக்குக் கிடைத்த அரக்கு நூலால் ஒரு சாண் ஓட்டினேன். அப்புறம் நூற்கண்டு ஒன்று பெட்டிக்கடியில் கிடைத்து மிச்சத்தை முடித்தேன். அக்கா பார்த்துவிட்டு, "நல்ல காரியத்துக்குக் கட்டுற சேலையில இப்படி ஒட்டுப் போட்டு வச்சிருக்கியே, வெளங்குமா?" என்று என்னைக் கிழித்தாள். இலக்கியாதான், "உள்பக்கந்தானேத்தா, யாரு பாக்கப் போறா?" என்று சிரித்தாள்.

யார் பார்க்கப் போகிறார்கள். நான்தான் பார்த்தேன்.

சேலையில் ஒரு பொட்டுக் கருகல் இல்லை. முகர்ந்து பார்த்தேன். பாச்சை உருண்டை வாசம் மட்டும் வந்தது. அன்று அந்த அடுப்படியில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பிள்ளை இந்தச் சேலையைக் கட்டியிருக்கவில்லை. சேலை பிடித்துக்கொண்டது என்று ஒருவன் அழுது காட்டினான், ஸ்டேஷனில் எழுதியும் கொடுத்தான். சேலை இங்கே முழுசாக இருக்கிறது. இல்லை, இருந்தது. நான்தான் பதினான்கு துண்டாக வெட்டிப் போட்டுவிட்டேனே, பாவி.

கார்த்திகாவுக்குப் போன் போட்டேன். எடுத்தது சந்தனம்.

"சொல்லுங்க சம்பந்தி. புள்ள குளிக்கிறா."

"சும்மாதான்... நாளைக்கு வளைகாப்பு முடிஞ்சதும் கையோட கூட்டிட்டுப் போயிரலாம்னு..."

"எதுக்குங்க அலைச்சல்? ஆஸ்பத்திரி இங்கதான பக்கத்துல இருக்கு. இங்கிட்டே இருக்கட்டும். நாங்க பாத்துக்கிற மாட்டமா?"

அதே வார்த்தை. மூன்று வருடத்துக்கு முன்னால் அக்காவிடம் சொன்ன அதே வார்த்தை. "சரிங்க" என்று வைத்துவிட்டேன். சரியென்று சொன்ன என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

உடனே ஓடிப் போய் மகளை இழுத்து வந்திருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் செருப்பை மாட்டிவிட்டேன். தனியாகப் போய் நான் கத்தினால் கதவைச் சாத்துவார்கள். கார்த்திகா புருஷன்மேல் உயிராக இருக்கிறாள், 'ஒனக்கு என்னம்மா ஆச்சு' என்பாள். துண்டுத் துணியைக் காட்டினால் சந்தனம் பிடுங்கி அடுப்பில் போடுவாள், இந்த முறை நிஜமாகவே எரியும். ஆனால் வளைகாப்புச் சபையில், ஐம்பது பெண்கள் முன்னால், தாய் கூப்பிட்டால் பிள்ளைத்தாய்ச்சியை அனுப்ப மாட்டேன் என்று சொல்ல எவளுக்கும் வாய் வராது. ஒரு நாள்தான். அந்த ஒரு நாளை அவள் உயிரோடு கடக்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு மிஷினில் உட்கார்ந்தேன்.

பதினான்கு பையையும் தைத்தேன். என் ஆயுளில் அவ்வளவு அழுத்தமாகத் தையல் போட்டதில்லை. கடைசித் துண்டில் மட்டும் ஃபால்ஸைப் பிரிக்காமல், அரக்கு நூல் பையின் உள்வாயில் தெரிகிற மாதிரி வைத்துத் தைத்தேன். இரண்டு மணிக்கெல்லாம் முடித்து, அந்த ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிக் குளத்தூர் போனேன்.

கதவைத் திறந்த அக்கா என்னைப் பார்த்ததும் சாத்தப் போனாள். பையை அவள் கையில் திணித்தேன். நிறத்தைப் பார்த்தாள். வாயை விரித்து உள்ளே பார்த்தாள். அரக்கு நூலை நகத்தால் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தடவினாள்.

"இது எரிஞ்சு போச்சுல்ல?" என்றாள்.

"எரியலக்கா."

அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் காலைப் பிடித்துக்கொண்டேன். "என்னய மன்னிச்சிருக்கா. நான் பேசுனதுக்கு என் வாயில மண்ணுதான் விழணும்" என்று அழுதேன்.

"மன்னிக்கிறதெல்லாம் அப்பறம் இருக்கட்டும்" என்றாள் அக்கா. அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. "மொதல்ல அந்தப் புள்ளய வெளிய கொண்டா. நானும் வாரேன்."

மறுநாள் காலை அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் கார்த்திகாவைத்தான் தேடினேன். கன்னத்தில் பூசிய சந்தனமும் நெற்றிக் குங்குமமுமாக, இரண்டு கையும் கண்ணாடி வளையல் குலுங்க, நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாள். என்ன சேலை தெரியுமா? மயில்கழுத்து நிறம். பாலியஸ்டர். "அவரே எடுத்துக் கொடுத்தாரும்மா" என்றாள் பெருமையாக. அவள் தலையைத் தடவுகிற மாதிரி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தாம்பூலத்தை நானே கொடுத்தேன். மற்றச் சேலைகளில் இரவோடு இரவாகத் தைத்த பைகளையெல்லாம் பொதுவாகக் கொடுத்துவிட்டு, மயில்கழுத்துப் பைகளை மட்டும் ஆள் பார்த்துக் கொடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரி, பஞ்சாயத்து மெம்பர், டீச்சரம்மா, மாப்பிள்ளையின் சொந்த அத்தை. பதிமூன்று பை பதிமூன்று கையில் ஏறியது. பதினான்காவது அக்காவிடம் இருந்தது. அவள் இன்னும் தெருவில் ஆட்டோவிலேயே இருந்தாள்.

சந்தனம் பாயசச் செம்போடு அடுப்படியிலிருந்து வந்தாள். டீச்சரம்மா தோளில் கிடந்த பையைப் பார்த்தாள். அடுத்தது, அதற்கடுத்தது. செம்பைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பை... அந்தப் பச்சையும் நீலமுமா இருக்குற பையெல்லாம் இங்கிட்டுக் குடுங்க" என்றாள். "அது... சாயம் போகும். நான் வேற பை தாரேன்."

"சும்மா இருங்கக்கா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "வாங்குன தாம்பூலத்த யாராச்சும் திருப்பிக் குடுப்பாங்களா? புள்ளத்தாச்சிக்கு ஆகுமா?"

சந்தனம் கேட்கவில்லை. ஒவ்வொருத்தியிடமும் போய்ப் பையைப் பிடித்து இழுத்தாள். மெம்பர் கையிலிருந்து வெற்றிலை சிதறிக் கீழே விழுந்தது. எச்சில் கையால் காக்கா ஓட்டாதவள், வேறு பை தருகிறேன், பணம் தருகிறேன் என்று கெஞ்சினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள், இப்போது சோற்றை அவளே கிளறினாள். நான் வாசலுக்குப் போய் ஆட்டோவைப் பார்த்துக் கையைக் காட்டினேன். அப்போதுதான் அக்கா உள்ளே வந்தாள்.

வந்து, நடுக்கூடத்தில் நின்று, தன் பையைத் திருப்பி உள்ளே இருந்த அரக்கு நூலைக் காட்டினாள். சத்தம் போடவில்லை.

"இது எம் மக வளைகாப்புச் சேலை. இந்தச் சேலை புடிச்சுத்தான் எம் மக எரிஞ்சான்னு இந்த வீட்டுல சொன்னாங்க. ஒங்க கையில இருக்குறதெல்லாம் இதுல வெட்டுனதுதான். நல்லாப் பாருங்கம்மா, எங்கயாச்சும் கருகியிருக்கான்னு."

பதிமூன்று பெண்களும் பையைக் குனிந்து பார்த்தார்கள். டீச்சரம்மா தன் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஒன்றை ஒளிக்கலாம். பதினான்கு வீட்டுக்குப் போய் யார் பிடுங்குவது?

நான் கார்த்திகாவின் கையைப் பிடித்து எழுப்பினேன். "முறைப்படி எம் மகளக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். யாரும் குறுக்கே வரவில்லை. அரவிந்த்குமார் மட்டும் வாசல் வரை வந்தார். முகத்தில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. கார்த்திகா காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அவள் கை என் கைக்குள் சில்லிட்டது.

ஆட்டோ ஊர் எல்லையைத் தாண்டியது. கார்த்திகா அக்காவுக்கும் எனக்கும் நடுவே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி சொன்னான்?" என்றேன்.

"பொய்யுன்னு ஒரு வார்த்தை சொல்வாருன்னு பாத்தேம்மா" என்றாள். "சொல்லல. 'பரண்ல ஏறுனது நீதானா?'ன்னு கேட்டாரு. அது மட்டுந்தாம்மா கேட்டாரு."

அக்கா பையை மடியில் நீவிவிட்டுக்கொண்டு டிரைவரிடம் சொன்னாள்.

"இலுப்பூருக்கு அப்பறம் போகலாம் தம்பி. வண்டிய மொதல்ல ஸ்டேஷனுக்கு விடுங்க."