கடைசிக் குழாய்

குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு ஹரிதாஸ் கீழ்லைன் தெருப் படிகளில் இறங்கினார். பாசி பிடித்த படிகள். ஒவ்வொன்றுக்கும் முட்டி வலித்தது. பிணத்தைக் குளிப்பாட்ட முதல் குடம் பிறந்த வீட்டார் கொண்டுவர வேண்டும். தாயம்மாளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது அண்ணன் இவர் ஒருவர்தான்.

"பாத்து எறங்குங்க மச்சான்," என்று வெள்ளியங்கிரி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர் தாங்கிப் பிடிக்க, தான் இறங்கிப் போவது ஹரிதாஸுக்குக் கூச்சமாக இருந்தது.

கடைசிக் குழாயின் கழுத்தில் பச்சைத் துணி கட்டியிருந்தது. அவர் கொடுத்த துணி.

தேன்பாறையில் மஞ்சள் காமாலை பரவியபோது, பேரூராட்சி ஒழுங்காகக் குளோரின் போடுகிறதா என்று கண்காணிக்க ஊர்க்காரர்களே ஒரு குழு போட்டார்கள். அதற்கு ஹரிதாஸை விட்டால் யார்? வெடிமருந்து ஃபேக்டரியில் சரக்கைச் சோதித்துப் பாஸ் போட்டு ரிட்டயர் ஆனவர். காலையில் கண்ணாடிக் குழலில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட வேண்டும். மஞ்சளானால் குளோரின் இருக்கிறது. குழாயில் பச்சைத் துணி, அப்படியே குடிக்கலாம். நிறம் மாறாவிட்டால் சிவப்பு, காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.

ஆரம்பத்தில் எல்லாக் குழாய்க்கும் நடந்தார். பேரூராட்சியை உண்டு இல்லை என்று பண்ணினார். அவர்களும் பயந்துபோய்த் தொட்டியில் குளோரின் மருந்து போட்டார்கள். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் பார்த்தால் நல்ல மஞ்சள். ஃபேக்டரியில் ஒரு கலவைக்கு ஒரு கரண்டி எடுத்துப் பார்த்தால் போதும், மொத்தமும் அதேதான். இதுவும் ஒரே தொட்டித் தண்ணீர்தானே? கீழ்லைனுக்கான பச்சைத் துணியை வாட்டர்மேன் சின்னராஜிடம் கொடுத்தனுப்பினார். பேரூராட்சித் தலைவர் வேலுசாமி நாற்காலி போட்டு உட்காரவைத்து, "சார் பாத்தா கரெக்டா இருக்குமுங்க," என்பார். அதைக் கேட்க இதமாகத்தான் இருந்தது.

இப்போது பார்த்தார். படியோரச் சாக்கடைக்குள் படுத்தபடி வந்தது தண்ணீர் பைப். உடைந்த இடத்தில் சுற்றியிருந்த ரப்பர் டியூப் அவிழ்ந்து கிடந்தது. ஃபேக்டரிக் கலவை எதுவும் சாக்கடை வழியாக வந்ததில்லை.

சட்டைப் பையில் கண்ணாடிக் குழல் இருந்தது. தண்ணீர் பிடித்துச் சொட்டு விட்டார். இன்னொரு சொட்டு. தண்ணீர் நிறம் மாறவே இல்லை.

"என்னங்க மச்சான்?"

"ஒண்ணுமில்லீங்க."

குடத்தை நிரப்பிக்கொண்டு மேலே வந்தார். அந்தத் தண்ணீரில்தான் தாயம்மாளைக் குளிப்பாட்டினார்கள்.

வேலுசாமி மாலையோடு வந்திருந்தார். போட்டுவிட்டு ஹரிதாஸை ஓரமாகக் கூப்பிட்டார். "ஏனுங்க சார், தங்கச்சியம்மாவுக்கு சுகர் இருந்துச்சாமா? சுகர்லதான் போனாங்கன்னே இருக்கட்டுங்க. காமாலை நின்னுருச்சுன்னு கலெக்டர்கிட்டச் சொன்னது நீங்கதானுங்க. இப்ப மாத்திச் சொன்னா உங்க பேருதான கெடும்?"

ஹரிதாஸ் தலையை ஆட்டினார். ஆட்டிய தலையை அங்கேயே அறுத்துப் போட வேண்டும்போல இருந்தது.

உள்ளே தாயம்மாள் மகள் பாலாமணி பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "அம்மா மொதல்ல காய்ச்சித்தானுங்க்கா குடிச்சுது. பச்சை கட்டுனதும் நிறுத்திருச்சு. எங்கண்ணன் பாத்துட்டாருன்னா அப்புறம் என்னடீங்கும்." குரலில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை. இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

அவரைப் பார்த்ததும் அவள் எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு வந்தாள். "காத்தால இருந்து ஒண்ணும் குடிக்கலீங்களே மாமா."

"காய்ச்சுனதா?"

"பச்சைதானுங்க கட்டியிருக்குது."

டம்ளரை வாங்கிக்கொண்டார். எட்டிப்போய் வாசலில் கவிழ்த்தார்.

"யாரும் குடிக்காதீங்க," என்றார். சத்தமாகவே வந்தது. "மழை பிடிச்சதுக்கப்புறம் நான் இங்க வந்து பாக்கவே இல்ல. மேல உக்காந்துட்டே துணியக் குடுத்தனுப்புனேன். கீழ வர்ற தண்ணியில மருந்தே இல்ல. தாயம்மாளுக்கு சுகரு இல்ல, ஒண்ணும் இல்ல. இந்தத் தண்ணிதான்."

வேலுசாமி செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு தெருப்பக்கம் போனார். வெள்ளியங்கிரி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

ஹரிதாஸ் பையைத் துழாவினார். பச்சைத் துணிகள்தான் வந்தன. சிவப்பை எங்கே போட்டோம் என்றே அவருக்கு நினைவில்லை. தட்டில், அவர் வாங்கி வந்த கோடிச் சேலை இருந்தது. சுமங்கலிக்குப் போடும் சிவப்பு. எடுத்து, ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தார்.

"அய்யோ, கோடியக் கிழிக்கறாங்களே!" என்றாள் ஒருத்தி.

இந்த முறை அவர் கையை யாரும் பிடிக்கவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து படியிறங்கி, பச்சையை அவிழ்த்துவிட்டு, சிவப்பை இறுக்கிக் கட்டினார்.

திரும்பி வந்தபோது தாயம்மாளுக்குக் கோடி போர்த்தியிருந்தார்கள். கிழிந்த ஓரம் கால்மாட்டில் நூல் நூலாகத் தொங்கியது. பாலாமணி குனிந்து அதை உள்ளே மடித்து விட்டாள்.