கைதட்டாத கூடம்

நெல்டா ஹ்ருஷ்கா இருபத்திரண்டு வருஷமாக டெக்சாஸ் நடனக் கூடங்களில் கண்ட்ரி பாட்டுப் பாடித் தொண்டையைத் தேய்த்தவள். இசைத்தட்டு என்று ஒன்றுகூட வரவில்லை. நாற்பத்து மூன்றாவது வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நாஷ்வில்லிலிருந்து பிரெஸ்காட் என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் கேட்க வந்திருந்தார். இவரும் உதட்டைப் பிதுக்கினால் இனி எவனும் எட்டிப் பார்க்கப் போவதில்லை.

நாலு பாட்டு முடிந்தது. ஒரு கைதட்டல் இல்லை. ஜோடிகள் ஆடினார்கள், பாட்டு நின்றதும் பெஞ்சுக்குப் போய் பியரை எடுத்துக்கொண்டார்கள்.

இடைவேளையில் மனுஷன் மேடையருகே வந்தார். "தப்பா நினைக்காதீங்க மேடம். குரல் இருக்கு. ஆனா ஒருத்தர்கூட உங்களத் திரும்பிப் பார்க்கலையே. சொந்த ஊர்லயே இப்படின்னா வெளியில யாரு வாங்குவா?"

"சார், இங்க யாரும் கை தட்ட மாட்டாங்க. ஜோடியப் பிடிச்சிருக்கிற கையால எப்படித் தட்டுறது?"

"அஞ்சு மணிக்கு எனக்கு விமானம்," என்று தொப்பியை எடுத்தார்.

நெல்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"விடு புள்ள, போறான்," என்றார் வயலின்காரர் ஆல்வின்.

"போகட்டும். கேட்டுட்டுப் போகட்டும். என் புதுப் பாட்ட எடுங்க."

"ஒத்திகையே பாக்கல, விளையாடுறியா?"

"எடுங்கன்னா எடுங்க!"

புருஷன் விட்டுப்போனபின் ஒற்றையாளாய்ப் பருத்தி எடுத்து முடித்தவளின் பாட்டு அது. ஏச்சு இல்லை, அழுகை இல்லை. வண்டி நிறைஞ்சுபோச்சு, நீ இல்லாமலே நிறைஞ்சுபோச்சு என்று நெல்டா குரலை எடுத்ததும் பெஞ்சுகள் காலியாகின.

பிரெஸ்காட் அப்போதுதான் வாசலைப் பார்த்து நேராக ஆடுதளத்தின் குறுக்கே நடந்தார். அந்த ஊரில் மூணு வயசுக் குழந்தைகூட அப்படிச் செய்யாது. ஆடுகிற கூட்டம் ஒரே பக்கமாகச் சுற்றும். குறுக்கே போனால் நசுங்க வேண்டியதுதான். தொத்திறைச்சி விற்கிற ஆக்னெஸ் அவர் இடுப்பை வளைத்துப் பிடித்தாள்.

"யோவ், மிதிபட்டுச் சாகப் போற! என்கூடச் சுத்து!"

பாட்டு முடிந்தது. ஆனால் ஒருவரும் பெஞ்சுக்குத் திரும்பவில்லை. நூற்றைம்பது ஜோடிகள், பிடித்த கையை விடாமல், மேடையைப் பார்த்து நின்றார்கள்.

"என்னம்மா ஆச்சு? ஏன் நிக்கிறாங்க?" என்று பிரெஸ்காட் ஆக்னெஸைக் கேட்டார்.

"மறுபடியும் பாடணும்யா. பாடாம நகர மாட்டோம். உன் விமானமாவது, மண்ணாங்கட்டியாவது!"

இருபத்திரண்டு வருஷத்தில் வேறு பாடகர்களுக்காக அவர்கள் இப்படி நின்றதை நெல்டா பார்த்திருக்கிறாள். அவளுக்காக நிற்பது இதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் அவளுக்குப் பாட்டின் முதல் அடி மறந்தே போனது. கூட்டம் எடுத்துக் கொடுத்தது.

மூன்று தடவை பாட வைத்துத்தான் விட்டார்கள். பிரெஸ்காட் வேர்த்து விறுவிறுத்து மேடைக்கு ஓடி வந்தார்.

"மேடம், நாஷ்வில்லுக்கு வாங்க. உடனே பதிவு பண்ணிடலாம்."

"நான் எங்கயும் வரல. உங்க மெஷினை இங்க தூக்கிட்டு வாங்க. இவங்க ஆடணும், நான் பாடணும்."

தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். அந்த வருஷம் டெக்சாஸில் அந்த இசைத்தட்டு சுழலாத பாட்டுப் பெட்டி இல்லை. தட்டைப் போட்டால் முதலில் முந்நூறு பேரின் பூட்ஸ் தரையில் உரசும் சத்தம் கேட்கும். அப்புறம்தான் நெல்டா வாயைத் திறப்பாள்.