மெல்லிய துணி

அக்காவின் ரைபிள் பழைய மாதிரி. குழலின் வாய்வழியே கருமருந்தைக் கொட்டி, எண்ணெய் தடவிய துணித் துண்டில் ஈயக் குண்டைப் பொதிந்து, கோலால் அடிவரை தள்ளி இறக்க வேண்டும். துணி தடிமனாக இருந்தால் குண்டு குழலுக்குள் வெட்டியிருக்கும் திருகு வரிகளைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டு சுழன்று போகும், குறி தப்பாது. ஆனால் இறக்குவதற்குள் கை ஒடிந்துவிடும்.

துப்பாக்கி சுடும் சங்கத்துப் பந்தயங்களில் பதினொரு வருடமாக அக்கா யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அவளுக்குக் குண்டு வார்ப்பதும் துணி வெட்டுவதும் துப்பாக்கி பழுதுபார்க்கும் தம்பிதான்.

போன வருடம் அவளுடைய வலது மணிக்கட்டு வீங்கியது. ஒவ்வொரு குண்டுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு கோலை அமுக்கினாள். அவனால் பார்க்க முடியவில்லை. சொன்னால் ரோஷப்படுவாள் என்று, சொல்லாமலே மெல்லிய துணிக்கு மாறினான். கோல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. கை தேவலை போலிருக்கிறது என்று அக்கா சந்தோஷப்பட்டாள்.

அடுத்த பந்தயத்தில் பத்துக் குண்டில் ஆறு குறிப்பலகை வட்டத்துக்கு வெளியே. அதற்கடுத்ததில் ஏழு. கண்தான் போய்விட்டது என்று முடிவுகட்டினாள். கண் டாக்டர் ஒன்றுமில்லை என்றதை நம்பவில்லை. இரண்டு முறை கண்ணாடி மாற்றினாள், கார் ஓட்டுவதை விட்டாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் தம்பி ஞாயிறுதோறும் அவள் வீட்டுக்குப் போவான். டீயைக் குடித்துவிட்டுத் திரும்புவான்.

துணி மாறிய ஐந்தாவது மாதம் அவள் ரைபிளைக் கொண்டுவந்து பட்டறை மேஜையில் வைத்து, யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள்.

"உன் கண்ணு நல்லாத்தான் இருக்குக்கா," என்றான். "உனக்குக் கை வலிக்குதேன்னு நான்தான் துணியை மெலிசாக்கிட்டேன்."

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். எத்தனை நாளாக என்று கேட்டாள். சொன்னான்.

"வண்டிய எங்கயாவது மோதிடுவேனோன்னு பயந்து, பேரனைப் பார்க்கக்கூடப் போகலையேடா."

ரைபிளை அங்கேயே விட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

மூன்று வாரம் பேச்சில்லை. பிறகு அவனே போன் செய்தான். தடித்த துணியையே வைத்துக்கொண்டு குண்டை மட்டும் மயிரிழை சிறிதாக்கலாம், துணி கசங்காமல் நுழைய குழல் வாயின் உள்விளிம்பை லேசாகச் சரிவாக இழைக்கலாம், செய்யட்டுமா என்று கேட்டான். "ம்" என்றாள்.

அடுத்த பந்தயத்துக்கு அவளே காரோட்டி வந்தாள். பத்துக்கு எட்டு வட்டத்துக்குள் விழுந்தது. கை வலிக்கிறதா என்று கேட்டான்.

"வலிக்குது. அது என் பாடு."

ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால் துணித் துண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டாள். பத்து முறையும் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.