இடவலம் மாறிய ஊர்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. பல் டாக்டரின் நாற்காலியில் வாய் நிறையப் பஞ்சோடு மல்லாந்து கிடந்தபோது தானாக வந்து காதில் விழுந்தது. கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை. அதற்கு மூன்று நான்கு தடவை போக வேண்டும் என்பதால் கதையும் தவணை முறையில்தான் வந்தது. குறுக்கே கேள்வி கேட்க வழியில்லை. என் சந்தேகங்களை எல்லாம் 'ஆ', 'ங்' என்ற இரண்டு சத்தத்துக்குள் அடக்கிக்கொண்டேன். கதை சொல்கிறவருக்கு இதைவிட அடக்கமான ஆள் கிடைப்பானா?

(நீங்களும் கொஞ்ச நேரம் அப்படியே கிடங்கள். வலிக்காது.)

எப்படித் தொடங்குவது என்பதில்தான் தகராறு. முதல் முயற்சி: "பனி மூடிய ஆற்றங்கரையில் ஒரு மனிதர் தன்னந்தனியே..." சீ, சினிமா. இரண்டாவது: "நாம் ஒரு நகரத்தை அறிவது என்றால் உண்மையில் எதை அறிகிறோம் என்ற கேள்வி..." எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. அதனால் நாற்காலியில் படுத்தால் என்ன தெரியுமோ அதிலிருந்தே தொடங்குகிறேன். எதிர்ச் சுவர்.

2

சுவர் முழுக்க ஐரோப்பிய நகரங்கள். தூரத்துக் குன்றில் நின்று பார்த்தால் ஊர் எப்படி விரிந்து கிடக்குமோ அப்படி, செப்புத் தகட்டில் கீறி அச்சடித்த பழங்கால நீளப் படங்கள். ஆறு, பாலம், மதில், வரிசையாகக் கோபுரங்கள். முன்னால் குன்றின் மேல் தொப்பி போட்ட இரண்டு பேர், கூட ஒரு நாய். வானத்தில் பறக்கும் துணிச்சுருளில் ஊர்ப் பெயர். கோபுரங்களின் தலைக்கு மேல் பொடிப்பொடியாக எண்கள். எந்த எண் எந்தக் கட்டடம் என்று படத்துக்கு அடியில் விளக்கம் இருக்கும். (நானும் இந்தக் கதைக்கு எண் போட்டிருக்கிறேன். அடியில் விளக்கம் கிடையாது.)

ஆளாளுக்கு ஒரு பைத்தியம். டாக்டருக்கு இது. நடுவில் பெரிய சட்டத்தில் தொங்குவதுதான் அவருடைய செல்லப் பிள்ளை. அந்த ஊர்ப் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்கள் போனைத் திறந்து வரைபடம் பார்ப்பீர்கள், இந்தக் கதையில் வரப்போகும் ஆஸ்பத்திரிக்கு டாக்டருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள்.

"இதுதான் சார் அசல்" என்பார், ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு. "மத்தவங்க வச்சிருக்கறதெல்லாம் பாத்து அடிச்ச காப்பி. இந்த ஊர்ல என் கண்ணக் கட்டி விட்டாலும் வீடு வந்து சேந்துடுவேன்."

ஊசியைப் பிடித்திருப்பவரிடம் வாக்குவாதம் செய்கிற தைரியம் யாருக்கு உண்டு?

அவருடைய மனைவியை நாங்கள் டாக்டரம்மா என்போம். முதல் வரைவில் அவரைப் பாடகியாக ஆக்கியிருந்தேன். குரல் போய்விடுமோ என்ற பயம்தான் கதையின் உயிர் என்பதால் அது வசதியாக இருந்தது. பிறகு அடித்துவிட்டேன். குரல் போனால் பாடுகிறவர்களுக்கு மட்டும்தான் நஷ்டமா? டாக்டரம்மா பாடி நான் கேட்டதில்லை. கிளினிக்கின் முன் மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களைக் கூப்பிடுவார். "பல்லுன்னா அவ்வளவு இளக்காரமா? போன மாசமே வரச் சொன்னேன்ல!" என்று அவர் ஒரு ஆளைக் கேட்டால், உள்ளே படுத்திருக்கும் எனக்கும் குற்ற உணர்ச்சி வரும். சுவரைத் தாண்டி வரும் குரல். அந்தக் குரலைக் கேட்டபடிதான் டாக்டர் இத்தனை வருஷமும் பல் பிடுங்கினார்.

அந்த அம்மாவுக்குக் கழுத்தில் ஒரு கட்டி. எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். குரலுக்குப் போகும் நரம்பு அதை ஒட்டியே ஓடுகிறது, பட்டுவிட்டால் பேச்சு போகலாம் என்றும் சொன்னார்கள். இந்த வகை ஆபரேஷனில் கைதேர்ந்த ஒருவர் எந்த ஊரில் இருந்தார் தெரியுமா? சுவரில் நடுவில் தொங்கும் அதே ஊரில். டாக்டரம்மாவின் தம்பிக்கும் அங்கேதான் வேலை. டாக்டரும் அந்த அம்மாவும் கிளம்பினார்கள். வாழ்நாளெல்லாம் படத்தில் பார்த்த ஊரை டாக்டர் நேரில் பார்க்கப் போவது அதுதான் முதல் தடவை. பாவம், இப்படியா பார்க்க வேண்டும்!

இந்த வேர் சிகிச்சைக்காக முதல் தடவை நான் கிளினிக்குக்குப் போன அன்று முன் மேசை காலியாக இருந்தது. என்னால் ஏன் என்று கேட்க முடியவில்லை. வாயில் பஞ்சு.

3

விடிவதற்கு முன்னால் அந்தத் தம்பி, அதாவது டாக்டரின் மச்சான், காரில் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் இறக்கினார். டாக்டருக்கு ஒரே சந்தோஷம் என்னவென்றால், அது படத்தில் இருக்கும் அதே பழைய ஆஸ்பத்திரி. கட்டடம் புதுசு, இடம் அதுவேதான்.

தள்ளுவண்டியில் படுக்க வைத்ததும் டாக்டரம்மா கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் கண்ணத் தொறக்கறப்ப நீங்க எதிர்ல இருக்கணும். தம்பி இருந்தா பத்தாது. குரல் வந்துச்சுன்னா மொதல்ல உங்களத்தான் திட்டணும்."

"இருப்பேன். எங்க போயிடப் போறேன்?"

"வரலேன்னா..."

"வரும்டி. வாய வச்சுக்கிட்டு சும்மா இரு."

"சரி, இப்ப இங்க நின்னு கைய பிசையாதீங்க. உங்க மூஞ்சியப் பாத்தா எனக்குப் பிரஷர் ஏறுது. மதியம் வரைக்கும் ஆகும்னாங்க. அந்தக் குன்றுக்குப் போயி படத்துல உங்க நாய் நிக்கற எடத்தப் பாத்துட்டு வாங்க."

மனைவி சொல்லித்தான் போனார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கேட்டவர்கள் பலர் 'பெண்டாட்டி ஆபரேஷன்ல இருக்கறப்ப ஊர் சுத்தப் போனாரா மனுஷன்' என்கிறார்கள். கதையைக் காது கொடுத்துக் கேட்காமல் தீர்ப்பு சொல்கிறவர்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தது டாக்டரின் நம்பர், அழைத்தால் அந்த ஊர் பாஷையில் பேசத் தெரிந்தவர் மச்சான். அதனால் போனை மச்சானிடம் கொடுத்துவிட்டு டாக்சி பிடித்துக் குன்றுக்குப் போனார். வழி நெடுக ஜன்னலில் பனியைத் தவிர எதுவும் தெரியவில்லை.

(மச்சானை வில்லனாக்கலாமா என்று பார்த்தேன். வேண்டுமென்றே வழி தவறச் சொல்கிற மச்சான், பழைய பகை... எழுத எழுத அந்த மனுஷன் காபி வாங்கிக்கொண்டு வராந்தாவில் நகத்தைக் கடித்தபடி நிற்பதுதான் கண்ணில் வந்தது. விட்டுவிட்டேன்.)

குன்றில் ஒரே மூடுபனி. ஆறு தெரியவில்லை, பாலம் தெரியவில்லை. பெரிய தேவாலயத்தின் இரண்டு கோபுரங்கள் மட்டும் பனிக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்று கூர்மையானது. இன்னொன்று கட்டி முடிக்காமல் விட்ட மொட்டைக் கோபுரம். படத்தில் மொட்டை இடப்பக்கம். இங்கே வலப்பக்கம் இருந்தது. டாக்டர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, இடிந்து விழுந்து மாற்றிக் கட்டியிருப்பார்கள் என்று முடிவு செய்தார். ஊர் தப்பாக இருக்கலாம், தன் படம் தப்பாக இருக்குமா என்ன?

4

திரும்பும்போது டாக்சி இல்லை. எதற்கு டாக்சி? குன்றிலிருந்து இறங்கு, பாலத்தைத் தாண்டு, தேவாலயத்துக்கு இடப்பக்கம் திரும்பு, ஆஸ்பத்திரி. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

இறங்கினார். தாண்டினார். திரும்பினார்.

நடந்தார் நடந்தார், ஆஸ்பத்திரி வரவில்லை. பூட்டிய கிடங்குகள் வந்தன. சரக்கு ரயில் நிற்கிற இடம் வந்தது. கம்பி வேலி வந்தது. எதிரில் வந்த ஒரு பெண்ணிடம் வழி கேட்டிருக்கலாம். 'ஹாஸ்பிட்டல்' என்ற சொல் எந்த நாட்டிலும் பாதியாவது புரியும். ஆனால் இந்த ஊரில் தான் போய் வழி கேட்பதா என்று வீம்பு. இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கும் என்று மேலே போனார். தள்ளி எதுவும் இல்லை.

அப்போதுதான் மணியைப் பார்த்தார், மனைவி சொன்ன மதியம் நெருங்கியிருந்தது. அவள் கண்ணைத் திறந்திருந்தால்? வாயைத் திறந்து சத்தம் வராமல், யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் தம்பியைப் பார்த்திருந்தால்? 'எங்க போயிடப் போறேன்' என்று சொன்ன வாயைத் தைக்க வேண்டும் என்று தோன்றியதாம். தேவாலயத்தை நோக்கித் திரும்பி ஓட ஆரம்பித்தார். ஓடுகிற வயசும் இல்லை, உடம்பும் இல்லை.

இந்த இடத்தில் டாக்டர் நிறுத்திவிட்டு, "வாய் கொப்பளிங்க சார், மீதிய அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றார். பல்லையா கதையையா என்று தெரியவில்லை. கொப்பளித்துவிட்டு நிமிர்வதற்குள் அடுத்தவர் உள்ளே வந்துவிட்டார். அந்த வாரம் முழுக்க எனக்குப் பல்வலி தெரியவே இல்லை.

5

தேவாலயச் சதுக்கத்தில் ஒரு சலவைக் கடை. மூச்சு வாங்க அதன் கண்ணாடியில் கையை ஊன்றி நின்றார். பனி விலகி வெயில் வந்திருந்தது. கண்ணாடியில் அவருக்குப் பின்னால் இரண்டு கோபுரங்கள் தெரிந்தன. மொட்டை இடப்பக்கம், கூர் வலப்பக்கம். அப்படியே அவருடைய படம்! இம்மி பிசகவில்லை.

திரும்பிப் பார்த்தார். மொட்டை வலப்பக்கம். மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். இடப்பக்கம்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னத் தொழில் விஷயம். தகட்டில் கீறுவது தாளில் இடவலம் மாறித்தான் விழும். அதனால் அசல் வேலைக்காரன் ஊரைத் திருப்பிக் கீறுவான். காப்பி அடிக்கிறவனுக்கு அந்தப் பொறுமை ஏது? அசல் அச்சை வைத்து நேராகவே கீறிவிடுவான். எழுத்தை மட்டும் கவனமாகத் திருப்பிக் கீறுவான், இல்லாவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே பெயர் சரியாக இருக்கும், எண் சரியாக இருக்கும், ஊர் மட்டும் இடவலம் மாறிப் போயிருக்கும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே டாக்டர்தான், மற்றவர்களின் படங்களைக் கிண்டல் செய்யும்போது. அதுவும் நாள் முழுக்கக் குட்டிக் கண்ணாடியை வாயில் விட்டு, இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் பார்த்தே பிழைக்கிற மனுஷர்! அவர் கை அதற்குப் பழகிப் போய்விட்டது. கண்ணும் பழகிவிட்டது போலிருக்கிறது.

பொக்கிஷம் காப்பி என்று தெரிந்ததும் மனசு உடைந்ததா? நான் 'ங்?' என்றேன்.

"உடையறதாவது! அப்பாடான்னு இருந்துச்சு சார். படம் பொய்யின்னா ஆஸ்பத்திரி அந்தப் பக்கம் இருக்குன்னு அர்த்தம்ல?"

6

இனி முடிவு. எழுதிப் பார்த்தவை இவை.

அ) வலப்பக்கம் ஓடிப் போய்ச் சேர்கிறார். மனைவி இன்னும் மயக்கத்தில். கையைப் பிடித்தபடி உட்காருகிறார். மெல்ல இமை அசைகிறது. (நன்றாகத்தான் இருக்கிறது. நன்றாக இருப்பதாலேயே நம்ப முடியவில்லை.)

ஆ) போய்ச் சேரும்போது அவர் விழித்திருக்கிறார். உதடு அசைகிறது. சத்தம்...

இதை எழுதக் கை வரவில்லை. அந்த அம்மா மாதக்கணக்கில் என் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்.

இ) டாக்டர் சொன்னது. வராந்தாவில் மச்சான் ஓடி வந்து, "அத்தான்! எங்க போய்த் தொலைஞ்சீங்க? அக்கா கண்ணு முழிக்கறா, வாங்க!" என்று இழுத்துக்கொண்டு போனாராம். கதவைத் தாண்டும்போதே உள்ளேயிருந்து கரகரவென்று ஒரு குரல். நர்சுக்குப் புரியாத பாஷை. டாக்டருக்கு நன்றாகப் புரிந்த பாஷை. அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாராம். "அழுதேன் சார், வெக்கமே இல்லாம அழுதேன்" என்றபோது என் பல்லுக்குள் இருந்த கருவி நடுங்கியது. பயத்தில் நானும் கொஞ்சம் அழுதேன்.

7

கடைசித் தடவை போனபோது, கதவைத் திறந்ததுமே கேட்டது.

"வாங்க வாங்க! நேரம்னா நேரத்துக்கு வரணும்னு ஒங்களுக்கு எத்தன தடவ சொல்றது?"

கழுத்தில் ஒரு துண்டு சுற்றியிருந்தார். குரல் கொஞ்சம் தடித்திருந்தது, சத்தம் மட்டும் குறையவே இல்லை. திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷமாக நான் நின்றதே கிடையாது. வாயில் பஞ்சு இல்லாததால் கேட்டேவிட்டேன்.

"கண்ணு முழிச்சதும் மொதல்ல என்ன சொன்னீங்க? 'வந்துட்டீங்களா'ன்னு சொன்னதா டாக்டர் சொல்றாரு."

"அவரு அப்படிச் சொன்னாரா?" சிரித்தார். "என் தம்பியக் கேட்டா 'தண்ணி'ன்னு சொன்னேம்பான்."

"எது நிஜம்?"

"ரெண்டும் இல்ல. நீங்க இத எழுதப் போறீங்கன்னு தெரியும். அது நான் என் வீட்டுக்காரரத் திட்டுனது. ஒங்க கதைக்காகச் சொன்னதில்ல. உள்ள போங்க, வாயத் தொறங்க."

ஆக, அந்த முதல் வார்த்தை என்னிடம் இல்லை. நானாக ஒன்று எழுதிச் சேர்த்தால் அதுவும் இடவலம் மாறிய காப்பியாகத்தான் இருக்கும். அதனால் கீழே ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன். நீங்கள் நேரம் கழித்து வீடு திரும்பும்போது, இத்தனை நேரம் பயந்துபோய்க் காத்திருந்தவர் கதவைத் திறந்ததும் எந்த வார்த்தையால் திட்டுவாரோ, அதை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

". . . . . . . . . . . . !"

சத்தமாகவே போடுங்கள். அப்படித்தான் சொன்னாராம்.